உன் தலைமாட்டுக்கு மேலே ஒட்டியிருந்த தாள்

உயிரோடு இருந்தவரை என்னை வறுத்தெடுத்த என் அன்பு மாதையண்ணனுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காக என்னை மன்னித்துக்கொள். வரிகள் மேடேறிப் பள்ளத்தில் இறங்குகின்றன. சில எழுத்துகள் பெரியதாகவும் சில எழுத்துகள் சுண்டைக்காய் அளவிலும் இருக்கின்றன. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. மண்வெட்டி பிடித்த விரலுக்குப் பேனா இருப்பதே தெரியவில்லை. அழுத்திப் பிடித்தால்தான் தெரிகிறது. அழுத்தினால் தாள் கிழிகிறது.

ஆமாம் அண்ணா, எழுதுவது நான்தான், காவேரி. நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதுவதாக நினைத்துக்கொள்ளாதே. எழுபது வயதுக்கு மேல் உன் தம்பி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். "ஏண்டா கைநாட்டு, சுடுகாட்டுக்குப் போற வயசுல எழுத்தாணி எதுக்குடா?" என்று கேட்டு, நாலு பேர் சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்திருப்பாய்.

இப்போது சிரி பார்க்கலாம்.

நான் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகிறேன். சிமெண்டுக் கடை, செருப்புக் கடை, பல் டாக்டர், எதையும் விடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறார்கள்.

படிப்பு சொல்லித்தருவது நம் தெருக்கோடியில் துணி தைக்கும் சபீனா. சாயங்காலம் தையல் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களை உட்காரவைப்பாள். வகுப்பில் ஆறு கிழவிகள், நான் ஒரே ஆண். முதல் நாள் நான் போட்ட 'அ'வைப் பார்த்துவிட்டு நம் பங்காளி வீட்டு ராஜம்மா, "காவேரிண்ணா, எழுத்து போடச் சொன்னா ஆட்டுக்கொம்பு போட்டு வச்சிருக்கறீங்க, முட்டப் போவுது" என்றாள். ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

சபீனா எங்கள் எழுத்துகளைச் சேர்த்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருகிறாள். இந்தக் கடிதம் அதில் வரும். பிழைகளைத் திருத்துவாள், விஷயத்தைத் திருத்தக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஊர் படிக்கட்டும். அண்ணியும் உன் மகன் சேகரும் படிக்கட்டும். நீ உண்மையில் எப்படிச் செத்தாய் என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது.

உனக்குத் தெரியும்.

அன்றைக்கு விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தாய். பேச்சு மூக்கால் வந்தது. இமை இரண்டும் தானாக இறங்கிக்கொண்டே இருந்தன. கட்டுவிரியன் கடித்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பல் பட்ட இடமே தெரியவில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னாண்ணா, விடியறதுக்குள்ள ஊத்திக்கிட்டியா?" என்றேன். நீ திட்ட வாயெடுத்தாய். திட்டு வெளியே வரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் உன் நாக்கு தடுக்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

தருமபுரிக்குக் கொண்டுபோவதற்குள் மூச்சு மேலும் கீழும் இழுத்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். பேர் வேண்டாம். தொண்டைக்குள் குழாய் விட்டு, மெஷினை மாட்டி, அது மூச்சு விட ஆரம்பித்தது. மூக்கில் இன்னொரு மெல்லிய குழாய், வயிற்றுக்குக் கஞ்சி போக. தொண்டைக்குழாய் நழுவாமல் இருக்க வெள்ளை நாடாவால் கன்னத்தைச் சுற்றித் தலையோடு கட்டியிருந்தார்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி உன்னைப் பாதி உட்கார்ந்த மாதிரி சாய்த்திருந்தார்கள்.

பார்த்ததும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. நம் வகையறாவில் செத்தவரைப் படுக்கவைத்துப் புதைப்பதில்லையே. தாடையைச் சேர்த்துத் தலையோடு துணியால் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து ஊருக்குக் காட்டி, உட்கார்ந்த மேனிக்குத்தானே குழியில் இறக்குவோம்? அப்பாவுக்குத் தாடைக்கட்டுப் போட்டது நீ. தலையைப் பிடித்துக்கொண்டது நான். அதே கட்டு, அதே சாய்வு. கண் மூடியிருக்கிறது. ஒரு விரல் அசையவில்லை. செத்தவனுக்கு மெஷின் மாட்டிப் பணம் பிடுங்குகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அங்கே சத்யா என்று ஒரு நர்ஸ். இருபத்தைந்து வயது இருக்கும். உன்னைப் பார்த்துக்கொண்டது அவள்தான். சுவரில் உன் தலைக்கு மேலே, காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில், நீல மையில் பெரிய பெரிய எழுத்தில் ஏதோ எழுதிப் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்தாள். பார்க்க வருகிறவர்களை எல்லாம் அதைப் படிக்கச் சொன்னாள். என்னையும் சொன்னாள்.

"தாத்தா, அந்தத் தாளைப் படிச்சிட்டு அப்புறம் கிட்ட போங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். உதட்டை அசைத்தேன். அசைக்கத் தெரியும், வாழ்நாள் எல்லாம் அசைத்தவன். ரேஷன் கடையில், பேங்கில், கல்யாணப் பத்திரிகை கையில் கொடுத்தால், எங்கேயும் இப்படித்தான். எவ்வளவு நேரம் அசைக்க வேண்டும் என்ற கணக்குக்கூட எனக்குத் தெரியும்.

"படிச்சிட்டீங்களா?"

"படிச்சிட்டேன் சிஸ்டர்."

"எல்லாம் வெளங்கிச்சா?"

"ஏன் வெளங்காது? நான் என்ன படிக்காதவனா?"

அவள் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். அவ்வளவுதான் அண்ணா. எல்லாம் அங்கே ஆரம்பித்தது.

காலையில் அரை மணி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு அரை மணி உன்னைப் பார்க்க விடுவார்கள். முதல் நாள் சாயங்காலம் உன் காதோரம் குனிந்தேன். அழவேண்டும் என்றுதான் குனிந்தேன். வாயில் வேறு வந்தது. "இப்ப படி பாக்கலாம். இப்ப என்னைக் கைநாட்டுன்னு கூப்புடு பாக்கலாம்" என்றேன். சொன்னதும் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. உன்னிடம் பேசி, நீ பதில் பேசாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். மறுநாள் காலையில் அதற்காகவே சீக்கிரம் கிளம்பினேன்.

நான் பெண் பார்க்கப் போன கதையை எடுத்தேன். பெண் வீடு பென்னாகரம். நீயும் நானும் தருமபுரியில் பூவும் பழமும் வாங்கினோம். உனக்கு வேறு ஜோலி இருந்தது. "அதோ நிக்குதே, அந்த வண்டி. ஏறிக்கோ" என்று கையைக் காட்டினாய். ஏறினேன். அது கடத்தூர் வண்டி. மேற்கே போகவேண்டியவன் கிழக்கே போய் இறங்கி, மடியில் பூவை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டார் சாயங்காலம் வரை பார்த்துவிட்டு எழுந்துவிட்டார்கள். ஊர் எனக்குக் கடத்தூரான் என்று பேர் வைத்தது. தெரியாமல் காட்டிவிட்டேன் என்று நீ சொன்னாய். சொல்லும்போது உன் உதட்டோரம் துடித்ததை நான் பார்த்தேன். நாற்பத்தைந்து வருஷமாக எனக்குள் அடைத்துக்கொண்டிருந்ததை உன் காதில் கொட்டினேன். உன் கண்ணோரத்தில் ஈரம் இருந்தது. பீளை என்று நினைத்தேன்.

சேகர் வந்தபோது, அவன் அந்தத் தாளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, உன் கால்மாட்டில் நின்றே குழியைப் பற்றிப் பேசினோம்.

"வேப்பமரத்துக்குத் தெக்கால பாறை இருக்குது சித்தப்பா, உக்கார வெக்க ஆழம் பத்தாது."

"ஜேசிபிக்குச் சொல்லிருடா. அப்பன் உசரமான ஆளு. தலை வெளிய தெரியப் போவுது."

இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம். சத்யா ஓடிவந்து, "அவருக்குக் காது கேக்கும், நல்லதாப் பேசுங்க" என்றாள். எல்லா ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் சொல்வார்கள், ஆறுதலுக்கு, என்று நான் சேகருக்கு விளக்கம் சொன்னேன்.

அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. நான் காலையில் நிற்கும்போது ஒரு வேலை செய்வாள். கஞ்சி ஊற்றுவதற்கு முன்னால் மூக்குக்குழாயில் பெரிய ஊசிக்குழலை மாட்டி, வயிற்றில் இருப்பதை உறிஞ்சிப் பார்ப்பாள். ஊட்டிய சோற்றைத் திருப்பி எடுக்கிறவளை நான் அங்கேதான் பார்த்தேன். சண்டைக்குப் போனேன்.

"எங்க அண்ணனுக்குப் போட்டதை எதுக்கு நீங்க எடுக்கறீங்க?"

"எடுக்கல தாத்தா, பாக்குறேன். முன்ன குடுத்தது கீழ எறங்கிச்சா, வயித்துலயே நிக்குதான்னு. நெறைய நின்னுட்டா மேல ஏறி வந்து நெஞ்சுக்குள்ள போயிரும். இவருக்குக் காறித் துப்பவும் முடியாது, இருமவும் முடியாதுல்ல?"

"தொண்டையிலதான் குழாய் இருக்குதே. அது அடைக்காதா?"

"குழாயைச் சுத்தி ஒரு குட்டி பலூன் இருக்கு. ஆனா ஓரமாக் கசியும். அதுக்குத்தான் இத்தனை காவல்."

அண்ணி கேழ்வரகுக் கஞ்சிக்குப் பதில் பால் கொண்டுவந்தபோது அவள்தான் வேண்டாம் என்றாள். சளியும் வெள்ளை, பாலும் வெள்ளை, நெஞ்சுக்குள் போனாலும் கண்ணுக்குத் தெரியாது என்றாள். "கேவுருக் கஞ்சியே கரைச்சு, துணியில வடிகட்டிக் கொண்டாங்கம்மா. தப்பித்தவறி உள்ள போச்சுன்னா நெறம் காட்டிக் குடுத்துரும்." தொண்டைக்குழாயில் மெல்லிய குழலை விட்டுச் சளி எடுக்கும்போதெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "வெள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள், ஏதோ பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி.

நாலாம் நாள் சாயங்காலம் நான் வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. "தாத்தா, மத்தியானம் காலு கட்டை விரலு அசைஞ்சுது! வெஷம் விட ஆரம்பிச்சிருச்சு" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் அசையவில்லை. கோழிக்குத் தலையை அறுத்தாலும் கால் அசையத்தானே செய்யும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவள் அப்போதுதான் உனக்குக் கஞ்சி ஊற்றி முடித்திருந்தாள். அடுத்த கட்டிலில் மெஷின் கத்தியது. ஓடினாள். நீயும் நானும் தனியாக இருந்தோம்.

நான் உன் முகத்தைப் பார்த்தேன். நாலு நாளாக உட்கார்ந்தே இருக்கிறாய். தாடைக்கட்டோடு. தலை ஒரு பக்கம் சாய்ந்து கழுத்து மடங்கியிருந்தது. இந்த இடத்தை எழுதுவதற்காக மூன்று தாள் கிழித்தேன். அந்த நிமிஷத்தில் எனக்கு உன்மேல் கோபம் இல்லை அண்ணா. செத்த பிறகு உட்காரத்தானே போகிறாய், அதுவரைக்கும் கொஞ்சம் படுக்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான். கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி இருந்தது. சத்யா அதைச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றினேன். கிணற்றில் வாளி இறங்குவது மாதிரி உன் தலை மெல்ல இறங்கியது. நீ சமமாகப் படுத்தாய்.

"தூங்குண்ணா" என்றேன்.

உண்மையாகவே அன்பாகத்தான் சொன்னேன். நாலு நாளில் உன்னிடம் நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அதற்கு நீ கொடுத்த விலையைப் பார்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு உன் தொண்டையில் களக் களக் என்று ஒரு சத்தம். மெஷினில் ஓடிக்கொண்டிருந்த எண் தொண்ணூற்றெட்டிலிருந்து இறங்கியது. எழுத்து தெரியாவிட்டாலும் எண் எனக்குத் தெரியும். தொண்ணூறு. எண்பத்தைந்து. மெஷின் கத்தத் தொடங்கியது. நான் கைப்பிடியை மறுபக்கம் வேகவேகமாகச் சுற்றினேன். அவள் வருவதற்குள் உன் தலை பழைய உயரத்துக்கு வந்துவிட்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

சத்யா வந்து சளிக்குழலை விட்டாள். எப்போதும் வெள்ளையாக வருவது செம்மண் கரைசல் மாதிரி வந்தது. ஒரு சொட்டை வெள்ளைப் பஞ்சுத்துணியில் விட்டு ஜன்னல் பக்கம் நீட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். புளித்த வாடை எனக்கே அடித்தது. "கஞ்சி" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். டாக்டரைக் கூப்பிட ஓடினாள்.

டாக்டர் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூக்குக்குழாயில் மையால் போட்ட கோடு மூக்கு நுனியிலேயே இருந்தது. அது நகரவில்லை. பலூனில் காற்று இறங்கவில்லை. கடைசியாகக் கட்டிலைப் பார்த்தார்.

"தலைமாடு இறங்கியிருந்துதா?"

"இல்ல சார். தூக்கி வெச்சுத்தான் குடுத்தேன்."

"அப்புறம் எப்படிம்மா இவ்ளோ உள்ள போவும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்க கட்டிலை ஏதாச்சும் தொட்டீங்களா?"

"நான் தொடலைங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு பொய் போதும். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்யாவும் பார்த்தாள். அவள் பார்வை என் கைகளில் இருந்தது.

"இந்தப் பொண்ணுதாங்க படுக்கவெச்சுக் கஞ்சி ஊத்துனாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"தாத்தா!" என்றாள் அவள்.

உன் தலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்று நான் அதைச் சொன்னேன் அண்ணா.

ராத்திரியே காய்ச்சல் வந்ததாம். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றுப் புளிப்பை வயிறு தாங்கும், நுரையீரல் தாங்காது, வெந்துபோய்விட்டது என்று டாக்டர் சேகருக்குச் சொன்னார். ஏழாம் நாள் நீ போய்விட்டாய். பாம்பால் போகவில்லை. பாம்பு விட்டுவிட்டது. வேப்பமரத்துக்குத் தெற்கே ஜேசிபி வைத்துத்தான் தோண்டினோம். தலை வெளியே தெரியவில்லை. அவ்வளவு ஆழம்.

கட்டிலைக் காலி செய்தபோது சுவரில் இருந்த தாளை நான் உரித்து எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணி, "என்னா தாளு அது?" என்று கேட்டது. "மருந்துச் சீட்டு" என்றேன். ஏற்கெனவே படித்துவிட்டேன் என்று சொன்னவன் வேறு யாரிடம் போய்ப் படித்துக் காட்டச் சொல்வது?

அதற்காகத்தான் சபீனாவிடம் போனேன். எழுத்துமேல் ஆசைப்பட்டுப் போனதாக எல்லோரும் நினைக்கிறார்கள். ஆசை பிறகு வந்தது.

வகுப்பில் ஒரு எழுத்து தெரிந்தால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தாளில் அது எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவேன். முதல் வரி திறக்க ரொம்ப நாள் ஆயிற்று. ஒருநாள் திடீரென்று மொத்தமாகத் திறந்தது. 'நான் மாதையன்.' அண்ணா, நான் குதித்தேன். இந்த வயதில் நிஜமாகவே குதித்தேன். நீயே எழுந்து வந்து கதவைத் தட்டியது போல இருந்தது. மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். அண்ணன் பேரைப் படித்துவிட்டேன் என்றேன். ராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வரி: 'எனக்குக் காது கேட்கும். நினைவு இருக்கிறது.'

அதையும் தப்பில்லாமல் படித்தேன். படித்து முடித்தவுடனே, சரியாகப் படித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதை ஒளிக்காமல் சொல்கிறேன். அர்த்தம் வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. அர்த்தம் வந்த பிறகு கடத்தூர் பஸ், குழி, ஜேசிபி, தலை வெளிய தெரியப் போவுது, நான் தொடலைங்க, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒன்றுகூட விடுபடவில்லை. ரெண்டு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். ஏன் என்றால் இன்னும் வரிகள் மீதி இருந்தன.

இப்போது முழுவதும் படிக்க வருகிறது. இடறாமல், ஒரே மூச்சில். நீயும் கேள்.

'நான் மாதையன். எனக்குக் காது கேட்கும். நினைவு இருக்கிறது. கண் திறக்கவும் கை அசைக்கவும் இப்போது முடியாது. விஷம் இறங்கினால் எல்லாம் சரியாகிவிடும். என் தலைமாட்டை இறக்காதீர்கள். என் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். என்னிடம் பேசுங்கள்.'

நல்ல கையெழுத்து அந்தப் பெண்ணுக்கு. உன் பேச்சை உனக்குப் பதிலாக எழுதிவைத்திருக்கிறாள். நீ எனக்கு எழுதிய கடிதம் இது ஒன்றுதானே அண்ணா? வேறு எதுவும் நீ எனக்கு எழுதியதில்லை. எழுதி என்ன பயன் என்று நினைத்திருப்பாய்.

சத்யா எங்கே என்று விசாரித்தேன். நீ போன மறுவாரமே அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது கடத்தூரில் ஒரு சின்ன கிளினிக்கில் இருக்கிறாள். கடத்தூர்! சிரிக்கிறாயா? ராத்திரி பகலாக உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். 'கட்டிலின் தலைமாட்டை இறக்கியது நான்தான். நர்ஸ் சத்யா இறக்கவில்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன். கட்டைவிரல் மை இல்லை, கையெழுத்து. போன புதன்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நானே பலகையைப் படித்து, கடத்தூர் வண்டியில் ஏறினேன். கண்டக்டரிடம்கூடக் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு போனேன். எதற்குப் போகிறோம் என்பதே பாதி வழி மறந்துவிட்டது.

அவள் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"என்ன தாத்தா, ஒடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். இதைப் படிங்க."

படித்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"யாரு எழுதுனது?"

"நான்தான். என் கையால. இப்பதான் கத்துக்கிட்டேன்." சொல்லும்போது என் முகம் மலர்ந்துவிட்டது அண்ணா. அடக்க முடியவில்லை.

"அப்ப அன்னிக்கி அந்தத் தாளு?"

நான் தலையைக் குனிந்தேன்.

"படிக்கத் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் படிச்சுக் காட்டியிருப்பேனே தாத்தா. ஒரு நிமிஷம் ஆவுமா?"

அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா? நாலு பேர் நடுவில் படிக்கத் தெரியாது என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவன் நீ. இதை உன்மேல் போடவில்லை. பாதியைத்தான் போடுகிறேன்.

நான் இன்னொன்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. "அவனுக்கு நெசமாவே காது கேட்டிருக்குமா?"

"கேட்டுச்சு. நீங்க வந்து பேசிட்டுப் போனதும் கண்ணுல தண்ணி ஓடும். நான்தான் தொடைப்பேன். தம்பி மேல எவ்வளவு பாசம்னு நெனச்சுக்குவேன்" என்றாள்.

வேண்டுமென்று குத்தச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் என்ன பேசினேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பிறகு தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இது பத்தாது தாத்தா. இதுல நீங்க செஞ்சது இருக்கு. நீங்க சொன்னது இல்ல. நான் எங்க வேலை கேட்டாலும் அங்க போன் போட்டு விசாரிக்கறாங்க. பேஷண்டைப் படுக்கவெச்சுக் கஞ்சி ஊத்துன பொண்ணுன்னு சொல்றாங்களாம். அதைச் சொன்னது யாரு? அதையும் எழுதிக் கொண்டாங்க. நானே எடுத்துட்டுப் போயி அந்த டாக்டர்கிட்ட குடுக்கறேன்." அடுத்த ஆளுக்கு டோக்கன் கிழித்துக்கொண்டே சொன்னாள், "எழுத்து நல்லா இருக்குது. கொஞ்சம் பெருசா எழுதுங்க."

அண்ணா, திரும்பி வரும்போது ஒரு பலகையும் படிக்கவில்லை.

ஒரு வாரமாக அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டுகிறேன். வாயால் சொல்ல ஒரு நொடி ஆனது. எழுத ஏழு நாள் ஆகிறது. சின்ன வயதில் நீ என்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் ஆட்டோடு நிற்கவைத்துவிட்டு உள்ளே போனாயே, அன்றே நானும் உள்ளே வந்திருந்தால், பொய் சொல்லும் முன்னால் ஒரு தடவை யோசித்திருப்பேனோ? தெரியாது. நீ படித்தவன், நீயும்தான் பொய் சொன்னாய்.

இன்று காலையில் எழுதி முடித்துவிட்டேன். உனக்கு முதலில் படித்துக் காட்டுகிறேன், நீதானே சாட்சி.

'நான் காவேரி. மாதையனின் தம்பி. சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொடுத்த பிறகு, நர்ஸ் இல்லாத நேரத்தில், கட்டிலின் தலைமாட்டை நான் இறக்கினேன். பிறகு நானே தூக்கிவிட்டேன். டாக்டர் கேட்டபோது, நர்ஸ் சத்யா படுக்கவைத்துக் கஞ்சி ஊற்றியதாகச் சொன்னேன். அது பொய். அவர் உட்காரவைத்துத்தான் கொடுத்தார். இதை என் கையால் எழுதியிருக்கிறேன்.'

ஏதாவது தப்பிருந்தால் இப்போதே சொல். சொல்லமாட்டாய். அன்றைக்கும் அப்படித்தான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தாய்.

புதன்கிழமை மறுபடியும் கடத்தூர் வண்டி ஏறுகிறேன். அவள் வாங்கிக்கொண்டாளா, டாக்டர் என்ன சொன்னார், ஊரில் இதைப் படித்துவிட்டு அண்ணி என் வீட்டு வாசலில் வந்து என்ன கேட்டது, எல்லாவற்றையும் அடுத்த வாரம் இதே கிழமையில் உனக்கு எழுதுவேன். மண்ணை வாரித் தூற்றினாலும் தூற்றியதை எழுதுவேன். உன்னிடம் பேசச் சொல்லித் தாளில் இருக்கிறது. இனிமேல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் படுக்கவைத்த உன் தம்பி,
காவேரி